பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தை

குழந்தைக்குச் சோறூட்டும் தாய்மாரிடம் தொன்றுதொட்டு வரும் ஒரு பழக்கத்திலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம். பிற வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறூட்டுவர். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் காக்கையும் அணிலும் வேப்பமரமுமே அந்த நிலாவின் இடத்தில் இருக்கின்றன. "அதோ பார், காக்கா" என்று தாய் விரலை நீட்டுகிறாள். குழந்தை தொடக்கத்தில் அவள் விரலை மட்டும் பார்க்கிறது. சில வாரங்கள் சென்றபின் விரல் காட்டும் திசையில் காக்கையைப் பார்க்கிறது. ஓராண்டு நிரம்பியதை ஒட்டித் தானே விரல் நீட்டிக் காட்டிவிட்டு, தாய் பார்த்தாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. காக்கை தனக்கு வேண்டும் என்று அது காட்டவில்லை. தான் கண்டதை அவளும் காண வேண்டும் என்று காட்டுகிறது. பேச்சு பிறப்பதற்கு முன்பே பிறக்கும் உரையாடல் இதுவே.

இச்செயல் என் மகள் வயிற்றுப் பேரனிடம் நிகழவில்லை. அதை முதலில் கண்டவள் என் மகள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆனபொழுது, "அப்பா, இவன் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எடுக்க வைக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை" என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த நான், "உன் அண்ணனும் மூன்று வயதில்தான் பேசினான், பொறும்மா" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். வழக்கமாகக் காட்டும் மருத்துவரும் ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்றார். அச்சொல் எனக்கு அனுகூலமாயிற்று. மகள் பேச்சைப்பற்றி முறையிடவில்லை, விரலைப்பற்றியும் பார்வையைப்பற்றியும் முறையிட்டாள் என்பது எனக்கு அப்பொழுது உறைக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு வயது பத்து மாதம் ஆனபின்னரே அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று தெரியவந்தது. இடையில் கழிந்த பத்தொன்பது மாதங்கள் என் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. பாட்டன்மாரும் பாட்டிமாரும் இக்கட்டுரையை இளம் பெற்றோரைக் காட்டிலும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

ஆட்டிசம் என்பது யாது?

1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர், தாம் கண்ட பதினொரு குழந்தைகளைப்பற்றி விரிவாக எழுதினார். மனிதரோடு தொடர்புகொள்வதில் பிறவி முதலே தடை, எல்லாம் நேற்றிருந்தவாறே இன்றும் இருக்க வேண்டும் என்னும் பிடிவாதம், கேட்ட சொல்லைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லுதல் ஆகியவை அக்குழந்தைகளிடம் பொதுவாக இருந்தன. அவர்களுட் சிலரைச் செவிடர் என்று முன்னர்க் கருதியிருந்தனர். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவர், நன்றாகப் பேசக்கூடிய ஆயினும் பழகத் தெரியாத சிறுவர்களை விவரித்தார். இவ்விரண்டும் ஒரே நிலையின் வெவ்வேறு அளவுகள் என்னும் கருத்து வலுப்பெற நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் லோர்னா விங். அவர் மருத்துவர். ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் தாயும் ஆவார்.

தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் புற உலகச் சிந்தனையின்மை என்றும் எழுதுகின்றனர். பின்னதில் எனக்கு உடன்பாடில்லை. குக்கர் விசில் அடித்தவுடன் இரு செவிகளையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கும் குழந்தைக்குப் புற உலகம் இல்லாமலா போயிற்று? நம்மைக் காட்டிலும் மிகுதியாக அன்றோ அது அவனுள் நுழைகிறது! நல்ல சொல் கிடைக்கும்வரை ஆட்டிசம் என்றே எழுதுவோம்.

இது தொற்றும் நோயன்று. மூளை வளரும் முறையில் கருவிலேயே தொடங்கும் வேறுபாடு. சிலர் வாழ்நாள் முழுவதும் பிறர் துணையோடு வாழ வேண்டியிருக்கும். சிலர் கல்லூரியிற் கற்று, பணியாற்றி, குடும்பம் நடத்துகின்றனர். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2025 இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் ஆராயப்பட்ட பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளுள் 31 பேருக்கு ஒருவர் இந்நிலையினர். பெண்களைவிட ஆண்கள் மும்மடங்குக்கு மேல். எண்ணிக்கை உயர்ந்ததற்கு இலக்கணம் விரிந்ததும் கண்டறியும் திறன் வளர்ந்ததும் பெரும் காரணங்கள். முற்காலத்தில் நம் ஊர்களிலும் இத்தகையோர் இருந்தனர். அவர்களுக்கு வேறு பெயர்களை வைத்து, கொல்லைப்புறத்து அறையில் வைத்திருந்தோம்.

பிறந்தநாள் ஒளிப்படங்கள் காட்டிய உண்மை

பெற்றோர் கூர்ந்து கவனித்தற்குரியவை எவை என்பதை ஓர் எளிய ஆய்வு தெளிவாக்கிற்று. 1994 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்டர்லிங், டாசன் என்னும் இருவர், முதற் பிறந்தநாள் விழாவில் வீட்டார் எடுத்த வீடியோப் படங்களைத் திரட்டினர். அவற்றுட் பதினொன்று பின்னாளில் ஆட்டிசம் என்று அறியப்பட்ட குழந்தைகளுடையவை, பதினொன்று ஏனைய குழந்தைகளுடையவை. கேக், மெழுகுவர்த்தி, உறவினர் கூட்டம் எல்லாம் ஒன்றேபோல் இருந்தன. வேறுபாடு நான்கு செயல்களில் தென்பட்டது. பிறர் முகத்தைப் பார்த்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், விரல் நீட்டிச் சுட்டுதல், கையிலுள்ள பொருளைப் பிறருக்குக் காட்டுதல் ஆகியவையே அந்நான்கு. இவை முதற் குழுவினரிடம் குறைந்திருந்தன. படம் எடுத்த பெற்றோர் எவருக்கும் அன்று அது தெரியவில்லை. மகிழ்ச்சியான நாளில் குறையைத் தேடுபவர் யார்?

பேச்சு இந்நான்கினுள் இல்லை என்பதை வாசகர்கள் கருத வேண்டும். நாமோ பேச்சு ஒன்றையே எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். என் பேரன் இரண்டு வயதில் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான், நூறுவரை எண்ணினான். "அறிவாளி" என்று அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். அம்மா என்று அழைக்காத குழந்தை 'ஏ' முதல் 'இசட்' வரை சொல்வதில் உள்ள முரண் என் கண்ணுக்குப் புலப்படவில்லை.

வீட்டில் காணக்கூடிய குறிகள்

ஒன்பது மாதத்தில், பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புதல் வேண்டும். பின்னால் நின்று, குரலை உயர்த்தாமல், இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை அழைத்துப் பாருங்கள். ஒருமுறையும் திரும்பாத குழந்தை, பக்கத்து அறையில் பிஸ்கட் காகிதம் சலசலத்தால் ஓடிவருமாயின், அதன் செவி கேட்கிறது, அழைப்பு மட்டுமே சென்று சேரவில்லை என்று கொள்ளலாம். ஓராண்டில் மழலை ஒலிகளும், கை அசைத்து விடை தருதல், கைகூப்புதல், தூக்கச் சொல்லிக் கை நீட்டுதல் போன்ற சைகைகளும் இருத்தல் வேண்டும். பதினாறு மாதத்திற்குள் பொருளுணர்ந்த ஒரு சொல்லேனும், இரண்டு வயதில் "பால் கொடு", "அப்பா வா" என்றாற்போல இரண்டு சொற்களைத் தானே சேர்த்துச் சொல்லுதலும் வேண்டும். பிறர் சொன்னதை எதிரொலிப்பது இக்கணக்கில் சேராது. "சோறு வேண்டுமா?" என்று கேட்டால் "சோறு வேண்டுமா" என்றே விடை சொல்லும் குழந்தை பெரும்பாலும் பசியைத் தெரிவிக்கிறது. ஆனால் சொற்களைத் தானே கட்டமைக்கவில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தை செப்புச் சாமானில் சோறு பொங்கி உங்களுக்கு ஊட்டும், பொம்மையைத் தோளிற் போட்டுத் தட்டும். அதனை விடுத்து, பொம்மை வண்டியைத் தலைகீழாக்கிச் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றுதல், செருப்புகளை ஒரே வரிசையில் அடுக்கி அவ்வரிசை கலைந்தால் கதறுதல், மின்விசிறியை வைத்தகண் வாங்காமல் பார்த்தல், கைகளைப் படபடவென்று அடித்தல், நுனிக்காலில் நடத்தல், ஓரிரு உணவுகளைத் தவிர வேறெதையும் தொடாமை ஆகியவை திரும்பத் திரும்பக் காணப்படுமாயின் குறித்து வையுங்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் எந்தக் குழந்தையிடமும் இருக்கலாம். பலவும் சேர்ந்து, அவற்றோடு பழகுதலிலும் பகிர்தலிலும் குறையும் இருப்பதே கவலைக்குரியது.

எந்த வயதிலாயினும், வந்த சொல்லும் சிரிப்பும் மறைந்துபோகுமாயின் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுட் பலர் ஒன்றரை வயதையொட்டி இவ்வாறு பின்வாங்குகின்றனர். அவ்வேளையில் ஊர் மாற்றமோ காய்ச்சலோ நேர்ந்திருந்தால் அதன்மேற் பழி போட்டுவிட்டு அமைதியடைகிறோம்.

கண்ணோடு கண் பார்க்கிறான், மடியில் ஏறி அமர்கிறான், ஆகவே ஆட்டிசம் இல்லை என்று சொல்வோரும் உண்டு. அது தவறு. தாயிடம் ஒட்டிக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தைகள் ஏராளம். பெண் குழந்தைகளிடம் குறிகள் மென்மையாக இருப்பதால், அடக்கமான பெண், கூச்சமுள்ள பெண் என்னும் பாராட்டுக்குள் அவை மறைந்துவிடுகின்றன.

ஐயம் எழுந்தவுடன்

முதலாவதாகச் செவித்திறன் சோதனை. சத்தத்திற்குத் திரும்புகிறான் என்று நாமே தீர்ப்புச் சொல்லலாகாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பேச்சு-செவி மையங்களிலும் கைக்குழந்தைக்கும் சோதிக்கும் கருவிகள் உள்ளன. செவி கேளாத குழந்தை பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் பேச முயலும். பேச்சு மட்டும் தாமதமான குழந்தையும் உங்களை இழுத்துச் சென்று விரல் நீட்டி, முகத்தைப் பார்த்துக் கேட்கும். இவ்வேறுபாடு மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

பதினாறு முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென, பெற்றோரே விடையளிக்கக்கூடிய எம்-சாட் என்னும் இருபது வினாக்கள் கொண்ட படிவம் உள்ளது. பத்து நிமிடத்தில் முடியும். அது நோயை உறுதிசெய்வதன்று. மேற்கொண்டு சோதிக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். உறுதிசெய்பவர் குழந்தை வளர்ச்சியில் தேர்ந்த மருத்துவரோ உளவியலாளரோ ஆவர். பயின்றவர்களால் இரண்டு வயதிலேயே பெரும்பாலும் நம்பத்தகுந்த முடிவு சொல்ல இயலும். இதற்கு இரத்தச் சோதனையோ ஸ்கேனோ இல்லை. கண்டு, பழகி, கேட்டே அறிய வேண்டும். மருத்துவர் முன் குழந்தை வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும். ஆதலின் வீட்டில் விளையாடுவதையும் உண்பதையும் பெயர் சொல்லி அழைப்பதையும் இரண்டிரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். ஒரு மருத்துவர் பொறுத்திருங்கள் என்றால், எத்தனை மாதம், எதை எதிர்பார்த்து என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

2013 இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைக்கும் ஏற்பாடு உள்ளது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் தெரியும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனமும் இப்பணியைச் செய்கிறது.

யார்மேல் பழி?

செய்தி உறுதியானவுடன் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, யாரால் வந்தது என்பதே. விடையாகப் பெரும்பாலும் தாய் நிறுத்தப்படுகிறாள். வேலைக்குப் போனாள், கைப்பேசியைக் கொடுத்தாள், கருவுற்றிருந்தபோது அழுதாள். மேல்நாட்டாரும் இக்கொடுமையைச் செய்தவர்களே. அன்பற்ற, உறைந்த மனமுடைய தாயே காரணம் என்று அங்கே கற்றவர்களே பல ஆண்டுகள் எழுதினர். 1964 இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலாளர், தாமும் ஓர் ஆட்டிசச் சிறுவனின் தந்தையாக இருந்து, அக்கொள்கைக்கு ஆதாரமில்லை என்று நூல் எழுதினார். 1977 இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவினரான 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறில்லை. மரபணுவின் பங்கு அன்றே வெளிப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதனை மேலும் உறுதிசெய்தன. கைப்பேசி ஆட்டிசத்தை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. ஆயினும் முகம் பார்த்துப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பதால் விலக்கத்தக்கதே.

தடுப்பூசியால் வந்தது என்பது இன்னொரு கதை. 1998 இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவிற்று. 2010 இல் அக்கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது. அவர் மருத்துவர் பட்டியலிலிருந்தும் அதே ஆண்டில் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் மிகவில்லை என்றே தெரிந்தது.

முன்வினை என்று சொல்வோரிடம் நான் வாதிடுவதில்லை. வினைக் கொள்கையை முறையாகக் கற்றவர், அதைக் காட்டி மருந்தையும் முயற்சியையும் தடுக்கமாட்டார். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தையும் வைத்த நெறி நம்முடையது. ஒரு தாயின் காதுபடச் சொல்லப்படும் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்னும் சொல் ஹிம்சையே.

வீட்டிற் செய்யக்கூடியவை

வாரத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சியைவிட, வீட்டில் விழித்திருக்கும் நேரம் பன்மடங்கு பெரிது. பெற்றோரைப் பயிற்றுவித்தால் குழந்தையோடு அவர்கள் உரையாடும் முறை மாறுகிறது, குழந்தை தானே தொடர்பைத் தொடங்குவது கூடுகிறது என்பதை இங்கிலாந்தில் 152 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2010 இல் காட்டிற்று. அம்முறையை நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்பத் திருத்தி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம், சிறப்புப் பட்டம் பெறாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே செய்து பார்த்தனர். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து நடப்பதும், குழந்தை தொடர்பைத் தொடங்குவதும் அங்கும் கூடியதாக 2016 இல் வெளியிட்டனர்.

அதன் உட்பொருள் எளிது, செய்வதுதான் அரிது. குழந்தையின் கண்மட்டத்திற்குத் தரையில் அமருங்கள். அவன் சக்கரத்தைச் சுழற்றினால் பிடுங்காமல் நீங்களும் ஒன்றைச் சுழற்றுங்கள். அவன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்தக் கணத்தில் ஒரே சொல், "சுத்துது" என்று சொல்லிவிட்டு, மனத்துள் பத்து எண்ணும்வரை பேசாதிருங்கள். ஆசிரியனாகிய எனக்கு இம்மௌனம் கைவர ஆறு மாதம் பிடித்தது. கேள்விமேற் கேள்வி கேட்டே பழகியவன் நான். அவன் விரும்பும் தின்பண்டத்தை அவன் காணும்படி, ஆனால் மூடி திறக்க இயலாத டப்பாவில் வையுங்கள். கேட்பதற்கு ஒரு காரணம் பிறக்கும். டப்பாவை நம்மிடம் நீட்டுவதும் கேட்பதே. பேச்சு வராத குழந்தைக்குப் படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்குவது பேச்சைத் தடுக்கும் என்ற அச்சம் வேண்டா.

தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பலருக்கு அறிவுரை கிடைக்கிறது. எங்களுக்கும் கிடைத்தது. இருமொழிச் சூழலால் ஆட்டிசக் குழந்தையின் மொழி கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்கு வராத மொழியைப் பேரனுக்குக் கற்பித்தால், வீட்டில் அவனோடு பேசக்கூடியவர்களில் ஒருவர் குறைகிறார், அவ்வளவே.

ஆலயத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டுமாயின் மணியும் மேளமும் ஒலிக்காத காலை நேரத்தில் செல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தரையில் விழுந்து கதறினால் அது அடமன்று, தாங்க இயலாமை. அடித்தால் தீராது. அமைதியான இடத்திற்குத் தூக்கிச் செல்லுங்கள். சுற்றி நிற்பவர்கள் செய்யத்தக்க உதவி, வழி விடுவதும் உற்றுப் பார்க்காதிருப்பதும்.

விலக்க வேண்டியவை

ஆறு மாதத்தில் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வோரிடம் செல்லாதீர். இரத்தத்திலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் சிகிச்சையால் 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்தது. நிலத்தை விற்று இலட்சக்கணக்கில் செலவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்வோரும் உளர். அதனால் ஆட்டிசம் குறைவதற்குத் தக்க சான்றில்லை. நம் குழந்தைகள் புலால் உண்ணாதவர்கள், பல வீடுகளில் கிழங்கும் உண்ணாதவர்கள். அவர்களுள் தயிர்ச்சோற்றையே நம்பியிருக்கும் குழந்தையிடமிருந்து பாலையும் பறித்தால் எஞ்சுவது என்ன? மாறாக, உணவு வகை குறைந்த குழந்தைக்கு இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் போதுமான அளவில் உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. நாவில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்று நானும் நம்பியிருந்தேன். வரவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற்றால் ஊர் அறிந்துவிடுமே, அக்காள் தங்கைக்கு வரன் அமையாதே என்று அஞ்சிப் பலர் அதனை வாங்குவதில்லை. பள்ளிச் சேர்க்கையிலும் தேர்வுச் சலுகையிலும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் அதன் பயன் பின்னர்த் தெரியும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பின் பிறக்கும் தம்பி தங்கையருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வரக்கூடும் என்று தொடர் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் அவர்களை ஐயம் எழும்வரை காத்திராமல் ஒன்பது, பதினெட்டு, இருபத்து நான்காம் மாதங்களில் காட்டிவிடுதல் தக்கது. பேரனுக்கு இப்பொழுது ஒன்பது வயது. சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுகிறான். அவன் முதன்முதலாக விரல் நீட்டிக் காட்டியது நான்கு வயது மூன்று மாதத்தில், கிணற்றுச் சுவரில் ஓடிய அணிலை. அவன் தங்கைக்குப் பதினொரு மாதம் ஆகிறது. ஒன்பதாம் மாதச் சோதனை முடிந்தது. அடுத்ததற்கு மகள் நாள் குறித்து வைத்திருக்கிறாள். இம்முறை நானும் உடன் செல்கிறேன்.